சம்பள உச்சவரம்பின் மீதி: கட்டுரை விட்டுவிட்ட ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து அணிகள் தங்கள் சம்பள உச்சவரம்பில் பயன்படுத்தாமல் விட்ட பகுதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் முறையைக் குறித்து, தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்தாரே என்று மகிழ்ந்தேன். ஆனால், வீரர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அணி உரிமையாளர்கள் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ள வழி செய்து கொடுக்கும் விதி இது என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது தவறான விதியின் மீது பாய்ந்திருக்கிறது என்பதே என் கருத்து. அரசுக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரை ஒட்டிய ஊரொன்றில் மகள் குடும்பத்துடன் இருக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு கிளீவ்லாந்தின் கால்பந்து அணியான பிரவுன்ஸின் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. தேசியக் கால்பந்து லீக்கான என்.எப்.எல். அமைப்பில் 32 அணிகள் உள்ளன. வீரர்கள் தாங்கள் விரும்பும் அணிக்கு மாறும் உரிமையை, லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான 1993-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பெற்றார்கள். அதற்கு ஈடாக உரிமையாளர்கள் பெற்றதுதான் சம்பள உச்சவரம்பு. அது நடைமுறைக்கு வந்த 1994-இல் ஓர் அணி தன் வீரர்கள் கணக்கில் எழுதக்கூடிய அதிகபட்சத் தொகை 3 கோடியே 46 லட்சம் டாலராக இருந்தது. 2025-இல் அதே வரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். லீக்கின் மொத்த வருவாயில் வீரர்களுக்கு உரிய பங்கை வைத்து ஒவ்வோர் ஆண்டும் இது கணக்கிடப்படுகிறது. 2020-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அந்தப் பங்கு 48 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வேறு சில விளையாட்டுகளில் உள்ளதைப் போல அபராதம் கட்டிவிட்டு வரம்பைத் தாண்டும் வசதி இங்கே இல்லை. தாண்டினால் வீரரோடு போட்ட ஒப்பந்தமே செல்லாது.

கட்டுரை சறுக்கிய இடம் இதற்கு அடுத்தபடிதான். உச்சவரம்பு என்பது லீக் அலுவலகம் ஒவ்வோர் அணிக்கும் அனுப்பி வைக்கும் பணம் அன்று. இவ்வளவு வரை நீ எழுதிக்கொள்ளலாம் என்று கொடுக்கப்படும் அனுமதி. 2011-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, மீதமாகும் அனுமதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல விரும்பும் அணி, உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை லீக்குக்குக் குறித்த நாளுக்குள் அனுப்பினால் போதும். அந்தத் தொகை அடுத்த ஆண்டின் பொது வரம்போடு அந்த அணிக்கு மட்டும் சேர்க்கப்படும். 2017-இல் எல்லோருக்கும் பொதுவான வரம்பு 16 கோடியே 70 லட்சம் டாலர். பிரவுன்ஸ் அணி முந்தைய ஆண்டிலிருந்து 5 கோடி டாலருக்குச் சற்று மேல் எடுத்து வந்ததால், அதன் தனி வரம்பு ஏறத்தாழ 21 கோடியே 70 லட்சமாக உயர்ந்தது. இந்த 5 கோடி எந்த வங்கியிலும் வைப்பாக இருந்ததில்லை. அணி நினைத்தால் அதைப் பயன்படுத்திப் புதிய ஒப்பந்தம் போடலாம். போடாவிட்டால் மறுபடியும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம்.

இந்த விதி இல்லாத காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். 2011-க்கு முன்பு, மீதமான அனுமதி பருவத்தின் முடிவோடு காலாவதியாகிவிடும். ஆகவே பல அணிகள் ஒரு வழியைக் கண்டுபிடித்தன. களத்தில் இறங்கவே வாய்ப்பில்லாத ஒரு மாற்று வீரரின் ஒப்பந்தத்தில், டிசம்பர் மாதம், எட்டவே முடியாத ஓர் இலக்கை எட்டினால் இவ்வளவு மில்லியன் டாலர் ஊக்கத்தொகை என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பருவத்தின் நடுவில் சேர்க்கப்படும் ஊக்கத்தொகை கிடைக்கக்கூடியதாகவே கருதப்பட்டு அந்த ஆண்டின் கணக்கில் ஏறும். இலக்கு எட்டப்படாமல் போகும். ஏறிய தொகை அடுத்த ஆண்டு அணிக்கு வரவாகத் திரும்பி வரும். எதையும் மறைக்காமல், விதியைக் கையில் வைத்துக்கொண்டே செய்யப்பட்ட வேலை இது. ஆனாலும் அந்த மாற்று வீரர் தன் ஒப்பந்தத்தில் பல மில்லியன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு காசும் வாங்காமல் வீட்டுக்குப் போனார் என்பதை எண்ணும்போது, 2011-இல் நேரடியான கடிதம் ஒன்றே போதும் என்று ஆக்கியது எவ்வளவு நாகரிகமான மாற்றம் என்பது விளங்கும்.

காலாவதியாகும் ஒதுக்கீடு மனிதர்களை என்ன செய்ய வைக்கும் என்பதை நான் கண்ணாரப் பார்த்தவன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓராண்டு மார்ச் மாதம் கடைசி வாரத்தில், யாரும் கேட்காத ஆறு இரும்பு பீரோக்கள் வந்து இறங்கின. வைக்க இடமில்லாமல் படிக்கட்டுக்கு அடியில் இரண்டும் நடைபாதையில் நான்கும் நின்றன. மார்ச் 31-ஆம் தேதிக்குள் கருவூலத்தில் பில் பாஸ் ஆகாவிட்டால் பணம் சரண்டர் ஆகிவிடும், சரண்டர் ஆனால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். அதே அலுவலகத்தில் ஜூன் மாதம் மழை ஒழுகியபோது கூரையைச் சரி செய்ய ஒதுக்கீடு இல்லை. மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகலாம் என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் கூரை ஒழுகியிருக்காது. இதனால்தான், எடுத்துச் செல்லும் உரிமையையே குற்றம் என்று எழுதப்பட்டிருப்பதைப் படித்தபோது மனம் ஒப்பவில்லை.

கட்டுரையாளர் கவனிக்காத இன்னொரு பக்கமும் உண்டு. மீதியை முன்னே தள்ளும் அணிகளைக் காட்டிலும், நாளைய அனுமதியை இன்றைக்கே எடுத்துச் செலவழிக்கும் அணிகளே அதிகம் விவாதிக்கத் தக்கவை. ஒரு வீரருக்குக் கையெழுத்திடும்போது கொடுக்கப்படும் போனஸ் உடனே அவர் கைக்குப் போய்விடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். இந்த ஆண்டு 2 கோடியே 10 லட்சம் டாலர் சம்பளம் வாங்க வேண்டிய ஒருவரிடம் பேசி, அதில் 2 கோடியைப் போனஸாக மாற்றிவிட்டால், ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகள் மிச்சம் இருக்கும்பட்சத்தில் ஆண்டுக்கு 40 லட்சம்தான் கணக்கில் ஏறும். வீரருக்கு ஒரு டாலர்கூடக் குறையவில்லை. தவணை தவணையாக வர வேண்டியது மொத்தமாகவே வந்துவிடுகிறது. அணிக்கு இந்த ஆண்டு 1 கோடியே 60 லட்சம் டாலர் அளவுக்கு இடம் கிடைக்கிறது. அந்த 1 கோடியே 60 லட்சம் வரும் நான்கு ஆண்டுகளின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் ஆண்டுகள் போதாவிட்டால், வீரர் விளையாடப் போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த வெற்று ஆண்டுகளைக் கணக்குக்காக மட்டும் பின்னால் ஒட்டுவதும் உண்டு. வீரரை இடையில் விடுவித்தாலோ அவர் ஓய்வு பெற்றாலோ, எழுதாமல் மிச்சம் இருக்கும் போனஸ் முழுவதும் கணக்கில் வந்து விழும். இதை டெட் மணி என்கிறார்கள். ஆளில்லாத நாற்காலிக்குக் கொடுக்கும் சம்பளம் என்று நான் என் பேரனுக்குச் சொல்வதுண்டு.

டென்வர் பிரான்கோஸ் அணி 2024 மார்ச்சில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ரசல் வில்சனை விடுவித்தபோது, உறுதியளித்திருந்த சம்பளமும் சேர்ந்து இப்படி விழுந்த தொகை 8 கோடியே 50 லட்சம் டாலர். ஜூன் 1-ஆம் தேதிக்குப் பிந்தைய விடுவிப்பு என்ற விதியின்கீழ் அதை 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துச் சுமந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியோ ஆண்டுதோறும் இப்படி முன்கூட்டியே எடுத்துச் செலவழித்துப் பழகியது. வரம்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே இருந்த வரை அது புத்திசாலித்தனமாகவே தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மைதானங்கள் வெறிச்சோடி வருவாய் விழுந்தபோது, 2020-இல் 19 கோடியே 82 லட்சமாக இருந்த வரம்பு 2021-இல் 18 கோடியே 25 லட்சமாகக் குறைந்தது. ஓய்வு பெறவிருந்த அந்த அணியின் குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் தன் 2021-ஆம் ஆண்டுச் சம்பளத்தை 2 கோடியே 50 லட்சம் டாலரிலிருந்து 10 லட்சத்து 75 ஆயிரமாகக் குறைத்துக் கையெழுத்திட்டது அந்த நெருக்கடியில் அணிக்கு மூச்சு விட இடம் கொடுப்பதற்காகத்தான். அதன் பிறகு 2021 முதல் 2024 வரை நான்கு பருவங்களிலும் அந்த அணி, பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. இதை வைத்து, முன்னதாக எடுத்துச் செலவழிப்பதே அழிவு என்று சொல்லிவிடவும் முடியாது. போனஸ் பிரிப்பதிலும் வெற்று ஆண்டுகளை ஒட்டுவதிலும் எவருக்கும் சளைக்காத பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. இளம் வீரர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு ஒப்பந்தம் போட்டதால் அவர்களுடைய கடன் அவர்களைக் கடிக்கவில்லை என்பது என் கணிப்பு.

மீதியைச் சேர்த்து வைப்பதில் உள்ள ஒரு நட்டத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். எடுத்துச் செல்லப்படும் தொகைக்கு வட்டி கிடையாது. பொது வரம்பு 2016-இல் 15 கோடியே 52 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. அன்று 5 கோடி என்பது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே 5 கோடியை ஒருவர் 2025 வரை தள்ளிக்கொண்டே வந்திருந்தால் அது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். வீரர்களின் சம்பளமும் வரம்போடு சேர்ந்தே ஏறுவதால், முதல் ஆண்டில் முதல் தர வீரர் இருவரைக் கொடுத்திருக்கக்கூடிய இடம் கடைசியில் ஒருவரையே கொடுக்கும். உண்டியலில் போட்ட காசு போல அது அப்படியே இருக்கும். வெளியே விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே அளவுக்கு மீறிச் சேர்த்து வைப்பது உரிமையாளருக்குப் பணத்தை மிச்சப்படுத்தலாமே தவிர, அணிக்கு வலிமை சேர்ப்பதில்லை.

இனி கிளீவ்லாந்துக்கு வருகிறேன். 2016-இல் 16 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்ற பிரவுன்ஸ், 2017-இல் ஒன்றில்கூட வெல்லவில்லை. அதே காலத்தில்தான் லீக்கிலேயே மிகப் பெரிய மீதியையும் வைத்திருந்தது; 2017-லிருந்து 2018-க்கும் 5 கோடிக்கு மேல் எடுத்துச் சென்றது. வீரர்கள் சங்கம் ஒவ்வோர் அணிக்கும் மிச்சம் உள்ள இடத்தைத் தன் இணையப் பக்கத்தில் யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்போது பன்னிரண்டு வயதான என் பேரன், "தாத்தா, நம்ம டீம்கிட்டதான் எல்லாரையும் விட அதிகமா மிச்சம் இருக்குன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் நல்ல ஆளா எடுக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டான். கணக்குப் பிள்ளையாக வாழ்நாளைக் கழித்த எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன்.

2018 ஜனவரி 6-ஆம் தேதி ஈரி ஏரிக்கரையில் உள்ள மைதானத்தைச் சுற்றி ரசிகர்கள் ஓர் ஊர்வலம் நடத்தினார்கள். எல்லா ஆட்டத்திலும் தோற்றதைக் குறிக்க, மைதானத்தைப் பூஜ்ஜியத்தின் வடிவில் ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான் ஊர்வலம். ஏரியிலிருந்து வந்த காற்று முகத்தை அறுக்கும் குளிரில் ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தார்கள். வசூலான பணம் பசித்தோருக்கு உணவு வழங்கும் கிளீவ்லாந்து உணவு வங்கிக்குப் போனது. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சாலையோரம் நின்றேன். அவன் இரண்டு உறைகளைக் கையில் மாட்டியிருந்தும் விரல்கள் விறைத்துப் போய், என் கோட்டுப் பைக்குள் கையை நுழைத்துக்கொண்டான். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் 73 என்ற எண் போட்ட பழைய சட்டையைக் கம்பளிக் கோட்டுக்கு மேலே இழுத்து மாட்டியிருந்தார். அது ஜோ தாமஸின் எண்.

ஜோ தாமஸ் 2007-இல் இந்த அணிக்கு வந்தவர். இடது பக்கத் தடுப்பாளராக, அணி தாக்கி ஆடிய ஒரு முறையைக்கூடத் தவறவிடாமல், தொடர்ச்சியாக 10,363 முறை களத்தில் நின்றார். 2017 அக்டோபரில் கைத் தசை கிழிந்து அந்தத் தொடர் முடிந்தது. அடுத்த மார்ச்சில் ஓய்வை அறிவித்தார். 2023-இல் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட அவர் ஆடியதில்லை. அணி மீதியைச் சேர்த்து வைத்த ஆண்டுகள் அவருடைய கடைசி ஆண்டுகள். சேர்த்து வைத்த நிர்வாகியான சஷி பிரவுனும் 2017 டிசம்பரில் நீக்கப்பட்டதால், அந்த இடத்தை அவருக்குப் பின் வந்தவர்களே செலவழித்தார்கள். சேர்த்தது வீணாகப் போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் ஹூஸ்டன் அணிக்குச் சுமையாகிவிட்ட பிராக் ஆஸ்வைலரின் 1 கோடியே 60 லட்சம் டாலர் சம்பளத்தை பிரவுன்ஸ் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டு, அதற்கு விலையாக ஹூஸ்டனின் 2018 இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை, அதாவது அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவரை எடுக்கும் உரிமையை, வாங்கியது. ஆஸ்வைலர் பிரவுன்ஸுக்காக முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. ஆனால் அந்த வாய்ப்பில் 35-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிக் சப், 2022 பருவத்தில் மட்டும் பந்தை ஏந்தி 1,525 கெஜம் ஓடினார். 2020 பருவத்தில் 11 வெற்றிகளோடு பிளேஆஃபுக்குப் போன அணி, 2021 ஜனவரி 10-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கை 48-37 என்று வென்றபோது என் பேரன் தெருவில் இறங்கிக் கத்தினான். அந்த இரவை நான் மறக்க மாட்டேன். ஆனால் 73-ஆம் எண் சட்டை போட்ட அந்த முதியவரையும் அன்று நினைத்துக்கொண்டேன்.

அனுமதியை ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகலாம். ஒரு வீரரின் வயதை அப்படிக் கொண்டு போக முடியாது. கட்டுரையாளரின் கோபத்துக்கு உரிய இடம் இதுவே என்று நான் கருதுகிறேன். வீரர்கள் சங்கம் சொல்லி வரும் கணக்குப்படி ஒரு வீரரின் சராசரிப் பணிக்காலம் சுமார் 3.3 ஆண்டுகள். 2011-ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஒவ்வோர் அணியும் உச்சவரம்பில் குறைந்தது 89 விழுக்காட்டை ரொக்கமாகவே வீரர்களுக்குக் கொடுத்துத் தீர வேண்டும் என்று விதித்தது நல்ல காரியம். ஆனால் அதை 2013 முதல் 2016 வரை, 2017 முதல் 2020 வரை என்று நான்கு நான்கு ஆண்டுகளாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி வீரர் ஒருவர் வந்து, ஆடி, போய்விட்ட பிறகும் அந்தக் கணக்கு முடிந்திருக்காது. முதல் இரண்டு ஆண்டுகளில் கையை இறுக்கிவிட்டுக் கடைசி இரண்டு ஆண்டுகளில் வாரி இறைத்த அணியும் விதியை நிறைவேற்றியதாகவே எழுதப்பட்டது. 2020 ஒப்பந்தத்தில் இது 90 விழுக்காடாகவும், முதல் இரண்டு தவணைகளுக்கு மூன்று மூன்று ஆண்டுகளாகவும் திருத்தப்பட்டிருக்கிறது. குறைவு ஏற்பட்டால் அந்தத் தொகை அந்த ஆண்டுகளில் அணியில் இருந்த வீரர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 1,019-க்கு 959 என்று வெறும் 60 வாக்கு வித்தியாசத்தில் வீரர்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அது. அடுத்த பேச்சுவார்த்தையில் இந்தக் காலத்தை இரண்டு ஆண்டுகளாகச் சுருக்குங்கள் என்று வீரர்கள் கேட்பார்களானால், அதுவே எடுத்துச் செல்லும் உரிமையை ரத்து செய்வதைவிடப் பல மடங்கு பயன் தரும். உரிமையை ரத்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பழைய டிசம்பர் மாத ஊக்கத்தொகைகளும், எங்கள் அலுவலக நடைபாதையில் நின்ற பீரோக்களும் சாட்சி.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட பட்டியலில் ஒவ்வோர் அணியும் எடுத்துச் சென்ற தொகை மட்டுமே இருந்தது. அதை மட்டும் பார்க்கும் வாசகர், பெரிய எண்ணுக்கு உரிய அணி பணத்தைப் பதுக்கியது என்றுதான் நினைப்பார். போனஸை ரொக்கமாக வாரிக் கொடுத்துக் கணக்கில் குறைவாக எழுதிய அணியும், யாருக்கும் எதுவும் கொடுக்காத அணியும் அந்த ஒற்றை வரிசையில் ஒன்றுபோலவே தெரியும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அந்த ஆண்டில் வீரர்கள் கைக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த ரொக்கத்தை இடப் பக்கத்திலும், உச்சவரம்புக் கணக்கில் எழுதப்பட்ட தொகையை வலப் பக்கத்திலும் போட்டு, முடிந்தால் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பேரன் கேட்ட கேள்விக்கு அந்த இரண்டு வரிசைகளில் பதில் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர்,
கிளீவ்லாந்து அருகே, ஒஹாயோ.